இரண்டு கொட்டேஷன், ஒரு வண்டி

பாண்டி, தேவி, வரும் வாரம் நீங்கள் இரண்டு பேரும் நம் ஐந்தாவது வண்டியை வாங்க ஷோரூமுக்குப் போகிறீர்கள். நான் கூட வரவில்லை என்றதும் பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபம் ஒன்றும் இல்லையப்பா. நான் வந்தால் பேசுவது நானாக இருக்கும், கையெழுத்துப் போடுவது நீங்களாக இருக்கும். அது சரிப்படாது. பேசுகிறவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுதியது, பிழை இருந்தால் தேவி திருத்திக்கொள்ளட்டும். நம்மிடம் வண்டி ஓட்டுகிற இரண்டு பேருக்கும் படித்துக் காட்டுங்கள். நாளைக்கு அவர்களும் சொந்த வண்டி வாங்குவார்கள், வாங்க வேண்டும்.

எந்த வண்டி எத்தனை டன் இழுக்கும், எவ்வளவு மைலேஜ் தரும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. விலை பேசுகிற மேஜையில் நம் மனசு எந்த இடத்தில் வழுக்கும் என்பதைத்தான். எனக்கு வழுக்கிய இடத்தைச் சொல்கிறேன்.

நம் பழைய பிக்கப் செத்த கதை உங்களுக்குப் பாதி தெரியும். மீன்பெட்டி ஏற்றி ஏற்றி, உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, சேஸிஸ் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது. ஒருநாள் போர்ட் பிளேர் மரைன் ஹில் ஏற்றத்தில் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வெல்டர் அடியில் படுத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். துரு பொலபொலவென்று அவர் முகத்திலேயே கொட்டியது.

"வெல்டு வைக்கலாம்ண்ணே. ஆனா வைக்கிறதுக்கு இரும்பு வேணும்ல?" என்றார்.

அந்த வாரம்தான் காய்கறி மண்டி முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சென்னைக் கப்பலில் வருகிற காய்கறியைத் துறைமுகத்திலிருந்து எடுத்து ஊர் முழுக்கக் கடைகளுக்குப் போடுகிற வேலை. வருஷம் முழுக்க ஒரே ஆளுக்கு. நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது.

"பதினஞ்சாம் தேதி காலைல புது வண்டி மண்டி வாசல்ல நிக்கணும். பழைய டப்பா ஆகாது, குலுக்கிற குலுக்குல தக்காளி சாறாப் போகுது. நிக்கலன்னா தெலுங்குக்காரர்ட்டக் குடுத்துருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராத" என்றார்.

அன்றைக்குத் தேதி மூன்று. வண்டி வேண்டும், அதுவும் தாங்குகிற விலையில் வேண்டும். விலையைக் கூடக் கொடுத்து எடுத்தால், அந்த வேலையில் வருவதையெல்லாம் மாதத் தவணையே தின்றுவிடும். எடுக்காவிட்டால் வேலையே இல்லை.

பேங்கில் லோன் பேசி முடித்து ஆறாம் தேதி ஷோரூமுக்குப் போனேன். அது இப்போது வேறு கைக்கு மாறிவிட்டது, பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் நான் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை.

"தமிழ் ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

அதுதான் நான் கேட்டது. நம் தீவில் எல்லோரும் கேட்பதுதான். ஆஸ்பத்திரியானாலும் கப்பல் டிக்கெட் கவுன்டரானாலும் வங்காளி வங்காளியைத் தேடுவார், தெலுங்கர் தெலுங்கரைத் தேடுவார், மலையாளியைக் கேட்கவே வேண்டாம். இந்தி எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடுதான். இருந்தாலும் காசு விஷயம் என்று வந்துவிட்டால் சொந்த பாஷை பேசுகிறவன் ஏமாற்றமாட்டான் என்று ஒரு நினைப்பு. யார் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை.

குமார் என்று ஒருவர் வந்தார். மதுரைப் பக்கம், முப்பது வயது இருக்கும்.

"வாங்கண்ணே, வாங்கண்ணே. பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"ராம்நாடு பக்கம். பொறந்தது இங்கதான்."

"அட, நம்மாளு. உக்காருங்க, டீ சொல்றேன்." நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கங்க. மேனேஜர் வடக்கத்தி ஆளு. நம்ம ஆளுகளுக்கு எறங்கி வரவே மாட்டாரு. நீங்க வாயே தொறக்காதீங்க. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

விலை பேசப் போனவனிடம் வாயைத் திறக்காதே என்கிறார். நானும் தலையை ஆட்டினேன்.

குமார் கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே மேனேஜரிடம் கையை விரிக்கிறார், மேஜையைத் தட்டுகிறார், என் பக்கம் விரலைக் காட்டுகிறார். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அந்த ஏசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பதினஞ்சாயிரம் கொறச்சிருக்கேண்ணே. என் வேலைக்கே உலை வச்சிருவாரு போல. வெளிய யார்ட்டயும் சொல்லிராதீங்க."

கொட்டேஷன் காகிதத்தைக் கையில் தந்தார். மேலே வண்டி விலை, கீழே இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், அதற்கும் கீழே தனியாக ஒரு வரி. பெரிய தொகை.

"இது என்ன தம்பி?"

"கப்பல் கூலிண்ணே."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. கப்பல் கூலி என்றால் தீவுக்காரன் கேள்வி கேட்கமாட்டான். வெங்காயம் ஏன் இந்த விலை என்றால் கப்பலில் வந்தது. சிமெண்ட் ஏன், செங்கல் ஏன், பள்ளிக்கூட நோட்டு ஏன் என்றாலும் கப்பலில் வந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தைக்கு வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக் கதவைத் திறந்து, "குமார், ஏக் ஹி காடி ஹை, யாத் ரக்னா" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள் என்று.

"கேட்டீங்களாண்ணே? இது போனா மெயின்லேண்ட்ல இருந்து அடுத்த வண்டி வர நாப்பது நாளாகும். டிக்லிபூர் பார்ட்டி ஒண்ணு வேற பாத்துட்டுப் போயிருக்கு. உங்களுக்குப் பதினஞ்சாம் தேதிக்குள்ள வேணும்ல?"

நான் பதினைந்தாம் தேதியைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை.

சந்தேகம் அப்போதே வந்தது. ஆனால் அது குமார் மேல் வரவில்லை, பாருங்கள். மண்டியில் மூட்டை தூக்குகிற வங்காளி ஆட்களில் ஒருவன் மேனேஜர் காதில் போட்டிருப்பான், நம்ம குமார் பாவம், எனக்கு எச்சரிக்கை தருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், அந்த மூன்று நாளில் நானே மூன்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், மண்டி வேலை எனக்குத்தான், பதினைந்தாம் தேதி முதல் என்று. அவசரம் என்பது கிழிந்த சட்டைப் பை மாதிரி. உள்ளே இருப்பது ஊருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு பாஷை பேசுவீங்க. காசு குடுக்கப் போன எடத்துல மட்டும் வாயத் தொறக்காம வந்திருக்கீங்க."

மறுநாள் மதியம் முன்பணம் கட்டலாம் என்று மறுபடியும் போனேன். குமார் எங்கேயோ வெளியே போயிருந்தார். ஓரத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகைக்குப் பின்னால் கிடந்த சோபாவில் உட்கார்ந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு வங்காளி சேல்ஸ்மேன். அவர் எதிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர், கையில் குடை, மடியில் பிளாஸ்டிக் பைல். பேச்செல்லாம் வங்காளத்தில். எனக்குப் பேச வராது, கேட்டால் புரியும். அக்கம்பக்கத்தில் காதில் விழுந்தே வந்த பாஷை.

"தாதா, நீங்க நம்ம ஆளு, அதனால சொல்றேன்" என்கிறார் சேல்ஸ்மேன். அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். "மேனேஜர் மதராஸி. நம்ம ஆளுங்களுக்கு இறங்கி வரவே மாட்டாரு. நீங்க எதுவும் பேசாதீங்க."

என்னிடம் வடக்கத்தி ஆள். அவரிடம் மதராஸி. அந்த மேனேஜர் உண்மையில் எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த சேல்ஸ்மேன் எழுந்து கண்ணாடி அறைக்குள் போனார். கையை விரித்தார். மேஜையைத் தட்டினார். இந்தப் பக்கம் விரலைக் காட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பதினைந்தாயிரம் குறைத்தாயிற்று, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். நாம் வாசலில் வந்து நம் பூட்டுக்கு எந்தச் சாவி என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

பேச்சில் ஊர்ப்பெயர் அடிபட்டது, அந்த ஒல்லி மனிதர்தான் டிக்லிபூர் பார்ட்டி. வடக்கே, பஸ்ஸில் ஒரு முழுநாள் தூரம். அவர் வெளியே போனதும் நானும் பின்னாலேயே போனேன். ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பேசியது தீவு இந்தி, தமிழில் எழுதுகிறேன்.

"வண்டி பாக்க வந்தீங்களா?"

"யாரு கேக்குறது?"

"நானும் அதே வண்டிக்குத்தான் வந்தேன்."

"அப்ப போய்ப் பாருங்க. உள்ளதான் நிக்குது."

"உங்களுக்குப் பதினஞ்சாயிரம் கொறச்சாங்கள்ல?"

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கும் அதேதான் கொறச்சாங்க."

"நீங்க ஷோரூம் ஆளு."

"ஷோரூம் ஆளா இருந்தா உள்ள ஏசியில உக்காந்திருப்பேன். எதுக்கு வெயில்ல நிக்கிறேன்?"

"அதுக்குத்தானே வெளிய அனுப்பியிருப்பாங்க" என்றார்.

சரியான பதில். எனக்கே அவர்மேல் அதே எண்ணம்தான். நான் கேட்க வேண்டும் என்றே அந்தப் பலகைக்குப் பின்னால் நாடகம் போட்டார்களோ என்று ஒரு நிமிஷம் ஓடியது. அவர் பெயர் பிஸ்வாஸ். அதைக்கூட அன்றைக்கு அவர் சொல்லவில்லை. பைலின் மேல் எழுதியிருந்ததை நான் பார்த்துக்கொண்டேன்.

இருப்பது ஒரு வண்டி. வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். போட்டிக்கு நிற்கிறவனிடம் என் காகிதத்தைக் காட்டலாமா? காட்டினால் அவர் நூறு ரூபாய் கூடச் சொல்லி வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். காட்டாவிட்டால் நான் கொடுக்கிற விலை சரியா தப்பா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. நான் கொட்டேஷனை எடுத்து ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்து வைத்தேன்.

அவர் தொடவில்லை. குனிந்து வரிவரியாகப் படித்தார். பிறகு தன் பைலைத் திறந்து தன் காகிதத்தை எடுத்தார். கையை விட்டு விடாமல் என் காகிதத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

மேலே வண்டி விலை இரண்டிலும் ஒன்று. அடியில் மொத்தத் தொகையில் ஐம்பது ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அவர் காகிதத்தில் கப்பல் கூலி என்று ஒரு வரியே கிடையாது. அதற்குப் பதிலாக ஹேண்ட்லிங் என்று ஒன்று, துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பூச்சு என்று ஒன்று. என் காகிதத்தில் அந்த இரண்டும் இல்லை.

பிஸ்வாஸ் தாதா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க காகிதத்துல வண்டி கப்பல்ல வந்திருக்கு" என்றார். "என் வண்டி நீந்தி வந்திருக்கு போல. அதான் துருவுக்குக் காசு கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பிள்ளைகளே, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். அந்த வரிகளைக் கூட்டி மொத்தம் வரவில்லை. மொத்தத்தை முதலில் வைத்துக்கொண்டு, யாரிடம் எது செல்லுமோ அதை நடுவில் நிரப்பியிருக்கிறார்கள். ஊருக்குள் ஓட்டுகிறவனுக்குக் கப்பல். மழையும் சேறுமான வடக்கிலிருந்து வருகிறவருக்குத் துரு. மேலே போட்டிருந்த விலை போர்ட் பிளேரில் வண்டி வந்து நிற்கிற விலை. கப்பல் அதிலேயே வந்து சேர்ந்துவிட்டது. ஒற்றைக் காகிதத்தை எத்தனை நாள் உற்றுப் பார்த்திருந்தாலும் எனக்கு அது விளங்கியிருக்காது.

மறுநாள் பத்து மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போய் அந்த வரிகளை அடிக்கச் சொல்வது என்று பேசிக்கொண்டோம். அந்த ஒரு வண்டி யாருக்கு என்பதை மட்டும் இருவரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனேன். அங்கே இறங்குகிற சரக்கைக் கணக்கெடுக்கிற தெலுங்கு அம்மா ஒருவர் இருந்தார். என்னைப் பல வருஷமாகத் தெரியும். அடுத்த கப்பலில் வண்டி ஏதும் வருகிறதா என்று கேட்டேன். பேரேட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க சொல்ற அதே பிக்கப் நாலு ஏறியிருக்கு. கப்பல் பன்னெண்டாம் தேதி கரையில கயிறு கட்டணும்" என்றார். நான் திரும்பி நடந்ததும் கூப்பிட்டார். "கட்டணும்னுதான் சொன்னேன் அண்ணா. கட்டும்னு சொல்லல."

நாற்பது நாள் என்றது பொய். ஆனால் அந்த அம்மா சொன்னதும் முழு உண்மை இல்லை, மழைக்காலம். இதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். பிஸ்வாஸ் தாதாவிடமும் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குமாரிடமிருந்து போன்.

"அண்ணே, நாளைக்கு ஒம்பது மணிக்கு முன்னாடி தனியா வாங்க. கப்பல் கூலியப் பாதியாக்கிர்றேன். அந்த டிக்லிபூர் பார்ட்டி பத்து மணிக்கு வருதாம். அதுக்குள்ள பில்லப் போட்டுருவோம். நம்மாளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

பத்து மணி என்பது எனக்கும் பிஸ்வாஸுக்கும் மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் சொன்னது அவர்தான். வெளியே என்னோடு பேசிவிட்டு உள்ளே போய் விற்றுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

காலையில் எட்டரைக்கே ஷோரூம் வாசலுக்குப் போய்விட்டேன். அவர் ஏமாற்றுகிறாரா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். வேவு பார்க்கப் போகிறவன் செக் புத்தகத்தையும் லோன் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போகமாட்டான். என் சட்டைக்குள் இரண்டும் இருந்தன. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. படியில் குடையை ஊன்றிக்கொண்டு பிஸ்வாஸ் தாதா உட்கார்ந்திருந்தார். மடியில் பைல்.

"பத்து மணின்னு பேசினோம்" என்றேன்.

"ஆமா. பேசினோம்" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "போன் வந்துச்சா?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்து நீட்டினார். ஷோரூம் நம்பர். எனக்கு வந்ததற்குப் பத்து நிமிஷம் கழித்து வந்திருந்தது.

"பாதி துருவ எடுத்துர்றோம்னாங்க" என்றார்.

"எனக்குப் பாதி கப்பல்."

"பத்து மணி விஷயத்த நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் உங்களத்தான் நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தைத் திரும்பிப் பார்த்தோம். முந்தின நாள் நாங்கள் பேசியபோது அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் இன்றைக்கும் அங்கேயேதான் இருந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஷட்டர் திறக்க இன்னும் கால்மணி இருக்கும். உள்ளே இரண்டு பேரும் அந்த ஒரு வண்டிக்கு நின்றால் எங்களையே ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடுவார்கள். அடித்த வரி மறுபடி வேறு பெயரில் முளைக்கும். ஒருவர் ஒதுங்கினால்தான் விலை நிற்கும். அவர் ஒதுங்கினால் இன்னொரு தடவை பஸ் ஏறி ஒரு முழுநாள் வர வேண்டும். நான் ஒதுங்கினால் கப்பலை நம்ப வேண்டும். கப்பல் தாமதமானால் மண்டி வேலை போச்சு.

"இந்த வண்டிய நீங்க எடுத்துக்கங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்? வண்டில என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல தாதா. பன்னெண்டாம் தேதி கப்பல்ல இன்னும் நாலு வருது. நான் அதுல ஒண்ண எடுத்துக்கிறேன். ஆனா உங்க பில்லு என் கண்ணு முன்னாடி போடணும். அதே மேஜைல, அதே விலைக்கு, எனக்கும் ஆர்டர் எழுதணும்."

"கப்பல் வர்றது எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலமே தெரியும். சொல்லல."

"சொல்லல."

தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஒப்புதல்தான் அவருக்கு என்மேல் கொஞ்சம் நம்பிக்கை தந்தது என்று நினைக்கிறேன். அப்போதுதான் தன் பெயரைச் சொன்னார்.

நாங்கள் சேர்ந்து போய் ஒரே மேஜையில் உட்கார்ந்ததும் குமாரும் அந்த வங்காளி சேல்ஸ்மேனும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து, யாருடைய கஸ்டமர் என்று தெரியாமல் நின்றார்கள். மேனேஜரே வரவேண்டியதாகிவிட்டது. இரண்டு காகிதங்களையும் அவர் முன்னால் வைத்து இந்தியில் கேட்டேன்.

"சாப், மேல போட்டிருக்க விலை எந்த ஊர் விலை?"

"போர்ட் பிளேர் விலை."

"அப்ப கப்பல் அதுலயே வந்துருச்சுல்ல? இன்னொரு தடவ எதுக்கு வருது?"

கம்பெனி விதி என்றார். எல்லோருக்கும் இதே போலத்தான் என்றார். பிஸ்வாஸ் தாதா தன் காகிதத்தை எடுத்து பைலுக்குள் வைத்து மூடி, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன். எழுந்துகொண்டே, "பன்னெண்டாம் தேதிக் கப்பல்ல நாலு வண்டி வருதாமே சாப்" என்றேன்.

மேனேஜர் குமாரைப் பார்த்தார். குமார் தரையைப் பார்த்தார்.

வரிகள் போயின. ஆனால் அப்படியென்றால் பதினைந்தாயிரம் தள்ளுபடியும் கிடையாது என்றார் மேனேஜர். சரி என்று ஒத்துக்கொண்டோம். ஊதி வைத்த பலூனில் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டுத் தள்ளுபடி என்று சொன்னால் அது தள்ளுபடியா? நியாயமான விலை என்பது அடுத்தவனைத் தோற்கடிக்கிற விலை இல்லை. அவனும் கடை நடத்த வேண்டும், நாளைக்கு சர்வீசுக்கு அவன் வாசலுக்குத்தான் போக வேண்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று நமக்கு வரிவரியாகத் தெரிந்தால் போதும்.

வெளியே வரும்போது குமார் கதவு வரை வந்தார்.

"நம்மாளுன்னு சொல்லி ஏமாத்திட்டியேப்பா" என்றேன்.

"நானாண்ணே மொதல்ல சொன்னேன்?" என்றார். "வாசல்ல வந்து தமிழ் ஆளு இருக்கானான்னு கேட்டது நீங்க. இங்கிலீஷ்லயோ இந்திலயோ வெலை கேட்டிருந்தா மேனேஜர்தான் பேசியிருப்பாரு. மாசம் இத்தன வண்டி தள்ளலன்னா என்னை மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏத்திருவாங்க. அதுக்கு யாரும் கூலிகூட வாங்க மாட்டாங்க."

அவர்மேல் அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எந்த ஷோரூம் வாசலிலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் இல்லை.

கப்பல் பன்னிரண்டாம் தேதி வந்தது, ஆனால் கட்டவில்லை. கடல் புரண்டதால் வெளியே நின்றது. பதிமூன்றாம் தேதி மதியம்தான் கயிறு கட்டினார்கள். வண்டி இறங்கியதும் மீட்டரைப் பார்த்தால் நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஏற்கெனவே ஓட்டிய வண்டியை என் தலையில் கட்டுகிறார்களா என்று ஷோரூமில் நின்று சத்தம் போட்டேன். பாக்டரியிலிருந்து துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு வந்த தூரம் என்று காகிதத்தைக் காட்டினார்கள். பிஸ்வாஸ் தாதா வண்டியிலும் கிட்டத்தட்ட அதேதான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். ஒருமுறை ஏமாந்தவன் அடுத்த ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் மோப்பம் பிடிப்பான். சத்தம் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

என் உண்மையான தப்பு வேறு. கப்பலை எண்ணினேன், நம்பர் பிளேட்டை எண்ணவில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்து கைக்கு நம்பர் வர பதினெட்டாம் தேதி ஆகும் என்றார்கள். அது வழக்கமான நாள்தான், யாருடைய குற்றமும் இல்லை. மண்டிக்கு ஓடினேன்.

"வண்டி வந்துருச்சு முதலாளி. நம்பருக்கு மட்டும் மூணு நாள் பொறுங்க."

"வாசல்ல வண்டி நிக்கணும்னேன். சாக்கு நிக்கணும்னு சொல்லல" என்றார். "வெண்டைக்காய்க்கு மூணு நாள் பொறுக்கத் தெரியுமா?"

பிஸ்வாஸ் தாதாவுக்கு நம்பர் பதினாலாம் தேதி வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தார். ஷாதிபூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முற்றத்தில் வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைப்பதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு எடை ஏத்துவீங்க?"

சொன்னேன்.

"தக்காளித் தண்ணி சொட்டுமா?"

"தார்ப்பாய் விரிச்சுத்தான் ஏத்துவேன்."

"மண்டிக்காரர் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல. என்னைத் திட்றவரு."

"மூணு நாள் கழிச்சு உங்க வண்டிக்கு நம்பர் வரலன்னா?"

"நீங்க போயிருங்க. நான் கேக்க மாட்டேன்."

துணியைப் பிழிந்து உதறினார். "மூணு நாள். டீசல் உங்களோடது. மூணாம் நாள் சாயங்காலம் நான் கெளம்பிருவேன்" என்றார்.

பதினைந்தாம் தேதி காலை மண்டி வாசலில் புது வண்டி நின்றது. முன்பக்கம் பூஜைக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஓட்டுகிற சீட்டில் குடையோடு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார்.

"யாருடா இது?"

"புது வண்டி கேட்டீங்க. நிக்குது" என்றேன்.

மூட்டையை ஏற்றச் சொன்னார்.

பதினெட்டாம் தேதி என் வண்டிக்கு நம்பர் வரும் வரை, மூன்று நாள் பிஸ்வாஸ் தாதா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன், கடை கடையாக இறக்கினேன். பள்ளம் வந்தால் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், நான் தோண்டி வைத்த மாதிரி. ஊர்ப்பேச்சு, தன் பாக்குத் தோட்டம், மழை என்று ஏதேதோ சொல்லுவார். ஆனால் எந்தக் கடையில் நிறுத்தினாலும், டீ குடிக்க இறங்கினாலும், சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். ஒருநாள் நல்ல மழை. வண்டியைக் கூரைக்கு அடியில் தள்ளி நிறுத்த வேண்டும், அவர் சாப்பாட்டுக் கையோடு இருந்தார். அப்போதும் கையைக் கழுவிவிட்டு வந்து அவரேதான் எடுத்தார்.

நான் சாவியைக் கேட்கவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன்.